இரும்புத் தளபதியின் தோல்விகள்

சீனாவில் ஒருவரைத் தேடிப் போய், கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர், "வாசலில் இரும்புத் தளபதி காவல் நிற்கிறார்" என்று சொல்வார். சீனத்தில் அது 'தியே ஜியாங்ஜுன் பா மென்'. வீடு பூட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை, விஷயம் அவ்வளவுதான். வேலை நேரத்தில் அரசு அலுவலகம் மூடிக் கிடந்தாலும் பத்திரிகைக்காரர்கள் இதே தளபதியை அழைத்துவிடுவார்கள். கையகல இரும்புக்கு இத்தனை பெரிய பட்டம் கொடுத்ததில் மரியாதையைவிடக் கிண்டலே தூக்கல் என்று எனக்குத் தோன்றும்.

கிண்டலுக்குக் காரணம் இருக்கிறது. மொழி படிக்கும் சாக்கில், பூட்டும் சங்கிலியும் வரும் சீன மரபுத்தொடர்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வருகிறேன். அவற்றில் பூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்த கதை அபூர்வம். பூட்டு உறுதியாகத்தான் இருக்கும். சாவி வேண்டாத ஆளிடம் இருக்கும். சங்கிலி கனமாகத்தான் இருக்கும். எதிரி பெரிய தீப்பந்தத்தோடு வருவான். இல்லாவிட்டால், பூட்டப்பட்டவனே அந்தப் பூட்டை விட மனமில்லாமல் கட்டிக்கொண்டு கிடப்பான். பூட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் சீனத் தொடர், பேச்சை முடிக்கும்போது சாவி பிடித்த கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். 'சுவோ' என்ற சொல் பழைய நூல்களில் இரும்புச் சங்கிலியைக் குறித்தது. பூட்டு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு தொடரில் வரும் சுவோ கழுத்தில் கிடப்பதா, கதவில் தொங்குவதா என்பதைக் கதையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் நான்கு சீன எழுத்துகளில் அடங்கிவிடும் இந்தத் தொடர்களில், கதை இல்லாமல் ருசியும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது 'பெய் மென் சுவோ யுவே', வடக்கு வாசலின் பூட்டும் சாவியும். எல்லையைக் காக்கும் முக்கியமான ஊரையோ, அந்தப் பொறுப்பில் இருக்கும் ஆளையோ இப்படிச் சொல்வார்கள். இதன் வேர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் இருக்கிறது. கி.மு. 630இல் சின், ஜின் என்ற இரண்டு பெரிய நாடுகள் சேர்ந்து ஜெங் என்ற சிறிய நாட்டை முற்றுகையிட்டன. ஜெங்கின் முதிய தூதர் ஒருவர் இரவோடு இரவாகக் கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய், சின் நாட்டுக் கோமகன் மூவிடம் பேசி அவர் மனத்தை மாற்றினார். சின் படை விலகியதோடு நிற்கவில்லை. ஜெங்கைப் பாதுகாக்க என்று மூன்று அதிகாரிகளையும் விட்டுவிட்டுப் போனது. நேற்றைய எதிரி இன்றைய காவல்காரர். ஜெங் மக்கள் அந்த விருந்தாளிகளில் ஒருவரிடம் வடக்கு வாசல் சாவியையே ஒப்படைத்தார்கள்.

திருடன் கையில் சாவி கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கி.மு. 628இல் அந்த அதிகாரி தன் நாட்டுக்குச் செய்தி அனுப்பினார்: வடக்கு வாசல் சாவி என்னிடம் இருக்கிறது, சத்தமில்லாமல் படை வந்தால் நாடு நம்முடையது. கோமகன் மூ, ஜியான் ஷு என்ற மூத்த அமைச்சரிடம் யோசனை கேட்டார். ஆயிரம் லீ (பழைய சீனத் தூர அளவு) படை நடந்தால் யாருக்குத்தான் தெரியாமல் போகும், இது வேண்டாத வேலை என்றார் கிழவர். கோமகன் கேட்கவில்லை. படை புறப்பட்ட அன்று ஜியான் ஷு வாசலில் நின்று அழுதார்: "போவதைப் பார்க்கிறேன், திரும்பி வருவதைப் பார்க்கப் போவதில்லை." கோமகனுக்குக் கோபம். "உனக்கு என்ன தெரியும்? நீ வயதுக்கு ஏற்றபடி செத்திருந்தால், உன் கல்லறைமேல் நட்ட மரம் இந்நேரம் கட்டிப்பிடிக்கும் அளவு வளர்ந்திருக்கும்" என்று ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னார். கிழட்டு அமைச்சரை இதைவிடக் கொடூரமாகத் திட்டிய அரசரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வழியில் ஜெங் நாட்டு மாட்டு வியாபாரி ஷியான் காவ் அந்தப் படையைப் பார்த்துவிட்டார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர், நிலைமையைப் புரிந்துகொண்டு, ஜெங் அரசரே அனுப்பிய தூதரைப்போல நடித்து, பதப்படுத்திய தோல் 4, மாடு 12 என்று படைக்குக் காணிக்கை கொடுத்தார். "தாங்கள் வருவதைக் கேள்விப்பட்டு எங்கள் அரசர் அனுப்பினார்" என்றார். அதே மூச்சில் ஊருக்கு அவசரச் செய்தியும் போனது. விருந்தினர் விடுதியில் எட்டிப் பார்த்தால், சின் ஆட்கள் மூட்டை கட்டி, ஆயுதம் தீட்டி, குதிரைக்குத் தீனி போட்டுத் தயாராக இருந்தார்கள். ஜெங்கின் பதிலில் நாகரிகத்துக்குக் குறைவில்லை: நீங்கள் நெடுநாள் தங்கிவிட்டீர்கள், எங்களிடம் இறைச்சியும் தானியமும் தீர்ந்துபோயின, பக்கத்தில் மான் காடு இருக்கிறது, வேண்டியதைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். சாவிக்காரர் ஓடிப்போனார். வெறுங்கையோடு திரும்பிய சின் படையை, கி.மு. 627இல் சியாவ் மலைக் கணவாயில் ஜின் படை மடக்கி அழித்தது.

இத்தனைக்கும் பிறகு வடக்கு வாசல் சாவி என்பது அவமானச் சொல்லாகியிருக்க வேண்டும். அதைப் பெருமைச் சொல்லாக மாற்றியவர் பதினோராம் நூற்றாண்டின் சொங் வம்ச அமைச்சர் கோவ் ஜுன். 1004இல் வடக்கே இருந்து கித்தான்கள் படையெடுத்தபோது, தெற்கே ஓடத் துடித்த அரசவையை அதட்டி, பேரரசரையே போர்முனைக்கு அழைத்துப்போனவர் அவர். சமாதானம் வந்ததும் அவருக்கே வினை வந்தது. சூதாடி கையில் மிஞ்சிய கடைசிக் காசைப் பணயம் வைப்பதுபோல உங்களைப் பணயம் வைத்தார் இவர் என்று ஓர் எதிரி பேரரசரின் காதில் ஓதினான். 1006இல் பதவி போனது. பிற்பாடு வடக்கே தாமிங் நகரத்துப் பொறுப்பு கிடைத்தது. அந்த வழியாகப் போன கித்தான் தூதர் குத்தலாகக் கேட்டார்: உங்கள் புகழுக்கு நீங்கள் தலைநகரில் அல்லவா இருக்க வேண்டும்? கோவ் ஜுன் சளைக்கவில்லை. அரசவையில் இப்போது பிரச்சினை ஏதும் இல்லை, வடக்கு வாசலின் பூட்டுக்கும் சாவிக்கும் நான்தான் வேண்டும் என்று பேரரசர் நினைத்தார் என்றார். பதவி இறக்கத்தை இவ்வளவு கம்பீரமாக மறைத்த வாக்கியம் அரிது. தொடர் இன்று பாராட்டாக நிலைத்திருக்கிறது. கோவ் ஜுன் 1023இல் தெற்குக் கோடியில் லெய்ஜோவில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார்.

பூட்டின்மேல் உள்ள இந்த அவநம்பிக்கையைத் தத்துவமாகவே பேசியவர் பழங்காலத் தாவோ ஞானி சுவாங்சி. பெட்டியை உடைக்கும் திருடனுக்குப் பயந்து ஊரார் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பூட்டை உறுதியாகப் போடுகிறார்கள். அதைப் புத்திசாலித்தனம் என்கிறார்கள். பெரிய திருடன் வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுடைய ஒரே கவலை, வழியில் கயிறும் பூட்டும் அவிழ்ந்துவிடக் கூடாதே என்பதுதான். ஊரார் இத்தனை நாளும் இறுக்கிக் கட்டியது அவனுக்காகத்தான். உதாரணத்துக்கு அவர் காட்டுவது சீ என்ற நாட்டை அதன் சட்டதிட்டங்களோடு சேர்த்துத் திருடிக்கொண்ட தியான் குடும்பத்தை. கொக்கி திருடியவனுக்கு மரணம், நாட்டைத் திருடியவனுக்குப் பிரபு பட்டம் என்ற அவருடைய வரியும் மரபுத்தொடராகிவிட்டது. அதைச் சொல்லச் சீனர்களுக்குச் சந்தர்ப்பம் குறைந்ததே இல்லை.

கதவுப் பூட்டுக்கு இந்தக் கதி என்றால், ஆற்றுக்குப் போட்ட பூட்டின் கதி இன்னும் சுவாரசியம். 'தியே சுவோ ஹெங் ஜியாங்', ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், சீனா மூன்றாகப் பிரிந்து கிடந்த 'மூன்று நாடுகளின் காலம்' முடியும் தறுவாயில், தெற்கே வூ நாடு மட்டும் மிஞ்சியிருந்தது. யாங்சி ஆறுதான் அதன் அரண். மேற்கே யிஜோவில் ஜின் வம்சத் (முன்பு பார்த்த ஜின் நாடு அல்ல) தளபதி வாங் ஜுன் பிரம்மாண்டமான கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் 2000 பேருக்கு மேல் கொள்ளும், மேல்தளத்தில் குதிரை ஓட்டலாம் என்கிறது ஜின் வரலாறு. மரம் செதுக்கிய சிராய்கள் ஆற்றோடு மிதந்து வூ எல்லைக்குள் வந்தன. எல்லை அதிகாரி வூ யான் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் அரசன் சுன் ஹாவிடம் காட்டினார்: மேலே கப்பல் கட்டுகிறார்கள், இங்கே படையைக் கூட்டுங்கள். கூடை நிறைய ஆதாரம் கண்முன்னே கிடந்தும் அரசன் அசையவில்லை. படைக்குப் பதிலாகச் சங்கிலி வந்தது. ஆறு குறுகும் இடங்களில் குறுக்கே இரும்புச் சங்கிலிகளைக் கட்டினார்கள். தண்ணீருக்கடியில் ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்பு முட்களை நட்டார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் பிடிபட்ட ஒற்றர்கள் வழியாக ஜின் தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. 280இல் வாங் ஜுன் முதலில் பெரிய தெப்பங்களை அனுப்பினார். அவற்றில் கவசம் மாட்டி ஆயுதம் கொடுத்த வைக்கோல் பொம்மைகள். தெப்பங்களைத் தள்ளிக்கொண்டு போக நல்ல நீச்சல்காரர்கள். தெப்பம் முள்ளில் மோதும், முள் தெப்பத்தில் குத்தி நிற்கும், ஆற்றோட்டம் இரண்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். எதிரியின் ஆயுதத்தை எதிரியின் ஆற்றைக்கொண்டே பிடுங்கியாயிற்று. அடுத்து, கப்பல்களின் முன்னால் ஏறத்தாழ 80 அடி நீளத் தீப்பந்தங்கள், எள்ளெண்ணெயில் ஊறவைத்தவை. சங்கிலி எதிர்ப்பட்ட இடத்தில் கொளுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இரும்பு உருகி அறுந்தது என்கிறது வரலாறு. உருகியது என்பதை நான் அப்படியே நம்பவில்லை. எண்ணெய்த் தீயில் இரும்பு செக்கச் சிவந்து இளகும். மீதியை இழுவிசை செய்திருக்கும். எப்படியானாலும் வழி திறந்தது. சுன் ஹாவ் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டு, சவப்பெட்டி உடன்வர, சரணடைந்தான்.

ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து, 824இல், தாங் வம்சக் கவிஞர் லியு யூஷி பணி மாற்றத்தில் போகும் வழியில் சிசாய் மலையடியில் இதை நினைத்துப் பாடினார். நீண்ட இரும்புச் சங்கிலி ஆற்றின் அடியில் மூழ்கியது, கல் கோட்டையிலிருந்து ஒரு சரணாகதிக் கொடி வெளியே வந்தது என்ற அவர் வரிகள்தான் அந்தச் சங்கிலிக்கு நிரந்தர வாழ்வு கொடுத்தன. உண்மையான சங்கிலி தடுத்து நிறுத்தியது யாரையும் இல்லை. மூன்று நாடுகளின் கதைகளில் வரும் சிவப்புப் பாறைப் போரில் வடக்கத்தியத் தளபதி சாவ் சாவ் தன் கப்பல்களையே சங்கிலியால் பிணைத்துத் தீக்கிரையாக்கிக்கொண்ட கதை இதைவிடப் பிரபலம். ஆனால் பழைய வரலாறு கப்பல்கள் தலையும் வாலும் ஒட்டி நின்றன என்று மட்டுமே சொல்கிறது. இரும்பு வளையம் மாட்டியது பின்வந்த கதாசிரியர்கள்.

சுன் ஹாவ் சரணடைந்த அதே ஊர், இன்றைய நான்ஜிங், 975இல் இன்னோர் அரசனையும் இழந்தது. தெற்குத் தாங் நாட்டின் கடைசி அரசர் லி யூ. இந்தத் தடவை வடக்கத்தியர் யாங்சியின்மேல் மிதவைப் பாலமே கட்டிப் படையை நடத்திக்கொண்டு வந்தார்கள். சுன் ஹாவுக்கு வென்றவர்கள் கொடுத்த பட்டம் 'ஆணைக்குத் திரும்பிய பிரபு'; லி யூவுக்குக் கொடுத்தது 'ஆணையை மீறிய பிரபு'. தோற்றவனைக் கேலி செய்வதில் சீன அரசவைகளுக்கு இருந்த நிபுணத்துவம் தனி ரகம். ஆட்சியில் சோபிக்காத லி யூ கவிதையில் யாருக்கும் சளைத்தவரில்லை. சிறைப்பட்ட காலத்தில் எழுதியதாகப் பொதுவாகப் படிக்கப்படும் ஒரு பாடலில், பேச்சற்றுத் தனியே மேற்கு மாடம் ஏறுகிறார். நிலா கொக்கிபோலத் தொங்குகிறது. மரங்கள் தனித்து நிற்கும் ஆழ்ந்த முற்றம் தெளிந்த கூதிர்காலத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டப்பட்டவர் அவர், அதை அவர் சொல்லவில்லை, பருவத்தைப் பூட்டிவிட்டதாகச் சொல்கிறார். சுவோ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல இடம் சீனக் கவிதையில் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 978இல் இறந்துபோனார்.

கழுத்துச் சங்கிலிக்கு வருவோம். லஞ்ச வழக்கில் பிடிபட்ட அதிகாரியைப் பற்றிச் சீனச் செய்தித்தாள்கள் தவறாமல் எழுதும் தொடர் 'லாங் தாங் ரு யூ': சங்கிலி சலசலக்கச் சிறை புகுந்தார். படிக்கும்போது கேட்பதற்கு வேடிக்கையாகக்கூட இருக்கும். மூலம் வேடிக்கையானதில்லை. கி.பி. 9 முதல் 23 வரை ஆண்ட வாங் மாங், நாணயத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியவன். பழைய காசு செல்லாது, புதிய காசை யாரும் நம்பவில்லை, கள்ளக்காசு பெருகியது. ஒருவன் காசு வார்த்தால் அவனோடு அண்டை வீட்டார் ஐந்து குடும்பத்துக்கும் தண்டனை. ஆண்களைக் கூண்டு வண்டியில் ஏற்றினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கழுத்தில் இரும்புச் சங்கிலி கோக்கப்பட்டு நடந்தார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் அரசு நாணயச்சாலை. இலட்சக்கணக்கில் போனார்கள், போனவர்களில் கணவன் மனைவியரைப் பிரித்து வேறு ஜோடி சேர்த்தார்கள், பத்துக்கு ஆறேழு பேர் துயரத்தில் செத்தார்கள் என்று ஹான் வரலாறு எழுதுகிறது. கழுத்துச் சங்கிலிக்கு அது பயன்படுத்தும் சொல்தான் இன்றைய தலைப்புச் செய்தியில் கோட்டு சூட்டுப் போட்ட அதிகாரியின் பின்னால் சலசலக்கிறது. அண்டை வீட்டுக்காரன் காசு வார்த்ததற்காக நடந்த பெண்ணின் சங்கிலி இவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்பது என் கட்சி.

தானே போட்டுக்கொள்ளும் சங்கிலியும் உண்டு. 'மிங் ஜியாங் லி சுவோ': புகழ் கடிவாளம், ஆதாயம் விலங்கு. ஹான் பேரரசர் வூவின் அவையில் கோமாளித்தனத்துக்கும் புத்திக்கும் பேர்போன தோங்ஃபாங் ஷுவோ நண்பருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தில் இந்த உருவகம் தலைகாட்டுகிறது. சொங் காலத்துக் கவிஞர் லியு யோங் இதை இன்றைய வடிவத்தில் பாடலில் வைத்தார்: புகழின் கடிவாளத்துக்கும் ஆதாயத்தின் விலங்குக்கும் ஆட்பட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம். தோங்ஃபாங் ஷுவோ அரசவையை விட்டுப் போகவில்லை. லியு யோங் அரசுத் தேர்வை விடாமல் எழுதி, நரைக்கிற வயதில், 1034இல் தேறிச் சின்னச் சின்ன உத்தியோகங்கள் பார்த்தார். இதை வைத்து அவரைக் கபடர் என்பவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடுகிறது. விலங்கின் எடையை மாட்டிக்கொண்டவன்தானே சொல்ல முடியும்?

பள்ளிப் பாடநூல் வரை போன தொடர் 'பி குவான் சுவோ குவோ': கணவாயை அடைத்து நாட்டைப் பூட்டுதல். சிங் பேரரசு உலகத்துக்கு முகம் காட்டாமல் இருந்து நலிந்ததை ஒரே வரியில் சொல்லிவிடும் கருவி இது. இதன் பின்பாதி சீனாவின் பழஞ்சொத்தும் அல்ல. நாகசாகியில் டச்சு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஷிசுகி தாதாவோ, ஜெர்மானிய மருத்துவர் கெம்ஃபர் ஜப்பானைப் பற்றி எழுதியதை 1801இல் மொழிபெயர்த்தபோது உருவாக்கிய 'நாட்டைப் பூட்டல்' என்ற சொல் அது. ஜப்பானியர் தங்கள் நாட்டைப் பற்றிச் செய்தது. வரலாற்றாகப் பார்த்தாலும் தொடர் கொஞ்சம் மிகைதான். 1757இல் சியென்லோங் பேரரசர் ஐரோப்பிய வணிகத்தைக் குவாங்ஜோ என்ற ஒரே துறைமுகத்துக்குள் அடக்கினார். கதவு சாத்தப்பட்டது, ஆனால் ஒரு திட்டிவாசல் திறந்தே இருந்தது; அதன் வழியே தேயிலை போனது, வெள்ளி வந்தது. உரிமம் பெற்ற சில வணிகக் குடும்பங்களிடம் அந்த வாசலின் சாவி இருந்தது, அவர்கள் கொழித்தார்கள். 1842இல் நான்ஜிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்தது, பிரிட்டிஷ் பீரங்கிகளின் உபயம். பூட்டியதால் கெட்டோம் என்று பாடநூல் சொல்லும்போது, திறந்தவன் யார், எதற்குத் திறந்தான் என்பது பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

பழைய சீனப் பூட்டுகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இந்த அவநம்பிக்கை ஆச்சரியமாக இருக்கலாம், ஏனென்றால் அவை அத்தனை அழகு. கிடைமட்டமான பித்தளைப் பூட்டு, இரண்டு துண்டு. உள்ளே போகும் கம்பியில் மெல்லிய வில்தகடுகள் அம்பு முனையைப்போல விரிந்து நிற்கும். தள்ளினால் ஒடுங்கி உள்ளே போய், போனதும் விரிந்து மாட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்ப வேண்டியதில்லை. பக்கவாட்டுத் துளையில் நேராகச் செருகினால் அது தகடுகளை நெருக்கும், கம்பி வழுக்கி வெளியே வரும். சாவித் துளையே சில பூட்டுகளில் சீன எழுத்தின் வடிவில் இருக்கும், 'மங்கலம்' என்ற எழுத்து உட்பட. மீன் வடிவப் பூட்டுகளும் உண்டு. மீன் கண்ணை மூடுவதில்லை, அதனால் இரவுக் காவலுக்குப் பொருத்தம் என்று தாங் காலத்து நூலொன்று காரணம் சொல்கிறது. கைக்குழந்தையின் கழுத்தில் போடும் வெள்ளிப் பூட்டில் 'நூறாண்டு வாழ்க' என்று பொறித்திருப்பார்கள். உயிர் ஓடிவிடாமல் பூட்டு. பூட்டின்மேல் பரிவோடு பேசும் வழக்கம் என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதில் மட்டும் சாவியைப் பற்றிய பேச்சே இல்லை.

காதலர்கள் போடும் பூட்டையும் சேர்க்கலாமோ என்று ஹுவா மலையில் யோசித்தேன். வடக்குச் சிகரத்திலிருந்து நீல நாக முகடு என்ற ஒடுங்கிய படிக்கட்டில் ஏறினால் (தாங் காலத்து எழுத்தாளர் ஹான் யூ இங்கே பயந்து அழுது, கடிதம் எழுதிப் பள்ளத்தில் எறிந்ததாகச் சொல்வார்கள், படியைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது) பொன்பூட்டுக் கணவாய் வரும். கைப்பிடிச் சங்கிலி முழுக்கப் பூட்டுகள், நடுவே சிவப்பு நாடாக்கள். வியாபாரி பூட்டை மடியில் வைத்துப் பெயரைப் பொறித்துக் கொடுக்கிறார். மாட்டிவிட்டுச் சாவியைப் பள்ளத்தில் வீசுவது சடங்கு. மழையும் பனியும் பட்டவை துருப்பிடித்துப் பெயர் அழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாவி யார் கையிலும் இல்லாத பூட்டு என்ற வகையில், இதை அந்தக் காலத்து ஜெங் மக்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

என் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது தொடர் அல்ல, தொடரால் திறக்கும் பூட்டு. உருளையான உடலில் சுழலும் வளையங்கள், ஒவ்வொன்றிலும் சில எழுத்துகள். சரியான எழுத்துகளை ஒரே கோட்டில் கொண்டுவந்தால் ஒரு கவிதை வரியோ வாழ்த்தோ அமையும், பூட்டு திறக்கும். சாவியே கிடையாது; வரி தெரிந்தவருக்கு மட்டும் பெட்டி. ஐந்து வளையம், வளையத்துக்கு நான்கு எழுத்து என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: 1024 சேர்க்கைகள். எழுதப்படிக்கத் தெரியாத திருடனும் பொறுமையாக உட்கார்ந்தால் ஓர் இரவில் திறந்துவிடலாம். தாங் கவிதைகளை மனப்பாடம் செய்த திருடன் என்றால், எழுத்துகளைப் பார்த்த மாத்திரத்தில் வரியைச் சொல்லிவிடுவான். அரசுத் தேர்வு எழுதித் தேறாதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்த நாட்டில் இந்தப் பூட்டை யார் தைரியமாக விற்றார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.